பலாப்பால் ஒட்டிய குண்டு

ஈயம் இன்னும் இளகவில்லை. இளகாமல் இருப்பதே நல்லது என்று சிலம்பாயிக்குப் பட்டது. இளகிவிட்டால் அடுத்து என்ன என்று கை கேட்கும். இப்போதைக்கு ஊதுகுழலை வாயில் வைத்து அடுப்பை ஊதினால் போதும், ஊதுகிற வாய் எதையும் பேச வேண்டியதில்லை. கொல்லையில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, அதன்மேல் நீளக் காம்பு வைத்த இரும்புக் கரண்டி, கரண்டிக்குள் துறையூர் லாரிப் பட்டறையில் வாங்கிவந்த ஈயக் கட்டிகள் ஐந்தாறு, சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல் உட்கார்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை. பத்தரை மணி பஸ் இன்னும் பச்சைமலை ஏறி வரவில்லை. இருபதடி தள்ளி, கொய்யா மரத்தடியில், அப்பா நல்லண்ணன் நாட்டுத் துப்பாக்கியை மடியில் கிடத்தி, கந்தல் சுற்றிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். சர்ரக், சர்ரக். அந்தச் சத்தத்தை அவளால் அப்படியே வாயால் போட முடியும், நாக்கை மேலே ஒட்டிக் கொஞ்சம் காற்றை விட்டால் போதும். போடவில்லை. காலையில் கஞ்சி குடித்துக் கை கழுவும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "சிலம்பு, குண்டு ஊத்து. ஒண்ணே ஒண்ணு போதும்." ஒண்ணே ஒண்ணு. அடுப்பு மூட்டினால் முப்பது குண்டு விழாமல் எழுந்திருக்காத மனுஷன். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "வேலியில ஒரு கொட்டாங்குச்சியக் கட்டியிருக்கேன். பட்டுச்சுன்னா சரி. படலைன்னா நாளைக்குத் துப்பாக்கியும் லைசென்சும் ஸ்டேஷனுக்குப் போயிடும். குறி தப்புறவன் கையில அது எதுக்கு?" அம்மா பாப்பாயி முறத்தில் புடைப்பதை நிறுத்தவில்லை. "ஒரு தடவ தப்பினா குறி தப்புறவனா? நேத்து ரசத்துல நான் உப்பு மறந்தேன். அடுப்பக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துடவா?" அப்பா சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்குச் சிரித்திருப்பார். சிலம்பாயியும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குத் தப்பியது பன்னி இல்லை, அவள். அது இந்த வீட்டில், இந்த மலையில், அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பத்தொன்பது நாளாக நினைப்பு இங்கேதான் வந்து இடறுகிறது, வாசப்படியில் பெயர்ந்து நிற்கும் கல்லைப் போல, இருக்கிறது என்று தெரிந்தும் கால் அங்கேயே போய் இடறுகிறது. விளக்கு வைக்கிற நேரம். முந்தின நாள் பன்னிக்கூட்டம் நாற்பது மரவள்ளிச் செடியைக் கிண்டிப் போட்டிருந்தது. அப்பா மரவள்ளிக் காட்டின் மேல் கரையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். தகரடப்பாவும் டார்ச்சும்தான் எடுத்துப் போயிருப்பார் என்று அவள் நினைத்தாள். இல்லை, நினைக்கவில்லை, அதுதான் நிஜம், எதையும் நினைக்கவில்லை, துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டித்து வைத்திருப்பாரா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும், யோசிக்கவில்லை, வயிற்றுக்குள் சிரிப்பு புரளும்போது தலைக்குள் யோசனை எங்கிருந்து வரும்? கீழ்க்கரையில் பலாமரத்தை ஒட்டி மரவள்ளிக்குள் குந்தினாள். பன்னி உறுமலை அவள் பன்னியிடமே கற்றவள், பரண்மேல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதால் குடித்தது. இரண்டு குட்டை உறுமல், அப்புறம் மூக்கால் மண்ணைக் கிளறும் நீள இழுப்பு. போட்டாள். ஊரில் யாரும் போட்டதில்லை அப்படி. அப்பா டார்ச்சோடு இறங்கி வருவார், பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்று, ஸ்டேஷன் ரைட்டர் குரலில், "யோவ் நல்லண்ணா, கையத் தூக்குய்யா!" என்று கத்த வேண்டும். அந்தக் குரல்கூடத் தொண்டையில் தயாராக நின்றது. அதற்குள் இருட்டு கிழிந்தது. தலைக்கு மேலே குளவி போல ஏதோ போனது, தலைமுடியில் மரப்பட்டை உதிர்ந்தது, பலா இலை ஒன்று சாவகாசமாகக் கீழே இறங்கியது, அவ்வளவு அவசரத்திலும் அந்த இலை அவசரப்படவில்லை. சிரிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, ஊறாத அரிசியை மென்றதுபோல். ஓடை வழியாகத் தவழ்ந்து, அப்புறம் ஓடி, பின்பக்கமாக வீட்டுக்குள் வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கண்ணீருக்கு வெங்காயம் இருந்தது. அப்பா வந்தார். "தப்பிடுச்சு" என்றார். அம்மா கொடுத்த செம்பை வாங்கினார், தண்ணீர் செம்புக்குள்ளேயே அலையடித்தது.

ஒரு கட்டி சாய்ந்தது. அடியில் பளபளவென்று ஒரு கோடு. அவ்வளவுதான், முதல் கட்டி மனசு மாறிவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மாறும். அவள் ஊதுவதை நிறுத்தி, சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தாள். மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிறு புகைபிடித்துக் கறுத்திருந்தது. அது அம்மாவின் வேலை. பிறந்ததிலிருந்து ஓயாத வாய் திடீரென்று ஓய்ந்தால் எந்த அம்மாவுக்குத்தான் பயமிருக்காது? காலையில் எழுந்ததும் கண்டக்டர் குரலில், "தாழ்வாரம், அடுக்களை, கொல்லையெல்லாம் எறங்கு, கடைசி ஸ்டாப்பு கக்கூஸ்!" என்று கத்துகிற பெண். அந்தக் கண்டக்டரின் விசிலையும் வாயாலேயே அடித்து, புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த பதினாலு பேரை வராத பஸ்ஸுக்கு ஓடவிட்டவள். பெரிய டீச்சர் குரலில், பெரிய டீச்சருக்குப் பின்னாலேயே நின்று, "ஏய், யாருடி அங்க சிரிக்கிறது?" என்று கேட்டு, பெரிய டீச்சரே திடுக்கிட்டு வாயை மூடும்படி செய்தவள். லைசென்ஸ் புதுப்பிக்க அப்பாவோடு ஒரு தரம் போய்விட்டு வந்து ரைட்டரை மூன்று மாதம் வீட்டுக்குள் குடிவைத்தவள்: "ஏன்யா, துப்பாக்கியத் தூக்கிட்டு வரச் சொன்னா பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வர? பால் குடுத்தியா அதுக்கு?" அப்பா அதைக் கேட்கும்போதெல்லாம் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். அம்மா குரலில், "ஏங்க, சாப்பிட வாங்க" என்று அவரைக் காட்டிலிருந்து ஒரே நாளில் இரண்டு தடவை மலையேற வைத்தாள், மூன்றாவது தடவை நிஜமாகவே அம்மா கூப்பிட, அவர் வரவில்லை, சோறு ஆறிப்போனது, அடி அம்மா கையால் விழுந்தது, அடி வாங்கும்போதும் அம்மா மாதிரியே, "சிரிக்காதடி!" என்றாள். அவ்வளவு குரலும் அன்றைக்கு ஒரே வெடியில் பறந்துபோய்விட்டன, மரத்துக் குருவிகள் மாதிரி. கேட்டால் ம், இல்லைன்னா ம்ஹூம். அம்மா குறி கேட்கக் கோடாங்கியிடம் போனாள். "ஓடைப்பக்கம் எதையோ பார்த்துப் பயந்திருக்கு புள்ள" என்று இந்தக் கயிற்றை மந்திரித்துக் கொடுத்தாராம் அவர். பாதி சரிதான். ஓடைப்பக்கம் வரை சரி.

ஈயம் குனிந்துகொண்டே வந்து ஒரு குளமாகிவிட்டது. மேலே சாம்பல் நிற ஏடு. இனி டப்பாவிலிருந்து மிச்ச ஈயத்தைப் போட வேண்டும், போட வேண்டியதுதான், டப்பா அவள் முட்டியோரத்திலேயே இருக்கிறது, ஆனால் அதைத் திறந்தபோது பார்த்ததை அரை மணி நேரமாகப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். டப்பாவில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வில்லை. நசுங்கிய பணியாரம் மாதிரி ஒரு பக்கம் சப்பி, ஒரு பக்கம் மட்டும் உருண்டை. சுட்ட குண்டுதான். சுட்ட குண்டை வீணாக விடுவது இந்த வீட்டு வழக்கமில்லை. மண்மேட்டில் பாய்ந்ததை மண்ணைச் சலித்து எடுப்பார்கள், மரத்தில் பாய்ந்ததை உளியால் எடுப்பார்கள், திரும்ப உருக்குவார்கள், ஒரே ஈயம் பத்துத் தடவைகூடச் சுடப்பட்டிருக்கும். ஆகவே டப்பாவில் வில்லை கிடப்பது அதிசயமில்லை. ஆனால் இதில் பிசின் ஒட்டியிருந்தது. காய்ந்த பால், பழுப்பாக, அதில் மஞ்சள் நார். மஞ்சள் மரம் எது? விரலில் எடுத்ததும் வேண்டாம் வேண்டாம் என்றாலும் விரலோடு ஒட்டிக்கொண்டது, பலாப்பால் அப்படித்தான், எண்ணெய் இல்லாமல் விடாது. யார் எடுத்தது? அவள் அந்தப் பலாமரத்துப் பக்கம் பத்தொன்பது நாளாகப் போகவில்லை. அம்மா உளியைத் தொட மாட்டாள். அப்படியென்றால் அப்பா அங்கே போய், அந்த ஓட்டைக்கு முன்னால் நின்று, அவள் குந்தியிருந்த இடத்தில் கால் வைத்து நின்று, தட்டித் தட்டி எடுத்திருக்கிறார். ஒரு வாரம் முன்னாலா? நேற்றா? எடுத்ததை ஏன் டப்பாவுக்கு அடியில் போடாமல் மேலே வைத்தார்? மேலே வைத்தாரா, மேலே விழுந்ததா? எதைப் போட்டாலும் கடைசியாகப் போட்டது மேலேதானே இருக்கும். ஆமாம், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

கொய்யா மரத்தடியில் கம்பி நின்றுவிட்டது. அவள் திரும்பாமலே காதால் பார்த்தாள். அப்பா குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார் இப்போது, மூச்சை இழுத்துப் பிடிப்பார், விடுவார். விட்டார். சர்ரக், சர்ரக். அந்தக் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. முந்தாநாள் அவ்வளவு தூரத்தில் மேய்ந்த ஆட்டைப் பார்த்து, "நம்ம வெள்ளைக்குட்டி நொண்டுது பாரு" என்றவர். பிறகு எப்படித் தப்பினது? அவள் குந்தியிருந்தது முழங்கால் உயரம். குண்டு பாய்ந்தது அவள் தலைக்கு மேலே இரண்டு முழம். பன்னிக்கு வைத்த குறி ஆள் உயரத்துக்கு ஏன் போகிறது? மறுநாள் காலையில் வெடிச்சத்தம் கேட்டு வந்த ரெங்கராசு மாமா அதைத்தான் கேட்டார், பக்கத்துக் காட்டுக்காரர், வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் கேலி இருக்கும், இருந்தால் இரண்டும் இருக்கும். "என்ன மச்சான், உன் காட்டுப் பன்னி இப்பல்லாம் பலா மரம் ஏறுதாமே? பழம் வேற தின்னுச்சா?" பஸ் நிறுத்தத்தில் சொன்னார், ரேஷன் கடையில் சொன்னார், "நல்லண்ணன் சுட்டாரு, பலாமரம் செத்துப்போச்சு, இன்னைக்குக் கருமாதி" என்று சொன்னார், அந்தக் குரலை அவள் தலைக்குள் வெற்றிலை எச்சில் சகிதம் அச்சாகப் போட முடிகிறது, நிறுத்தத்தான் முடியவில்லை. அப்பா அன்றைக்குக் காலையில் தலையைக் குனிந்துகொண்டு மரவள்ளிக்குள் வரிசை வரிசையாக நடந்தார், அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு இடத்தில் உட்கார்ந்தார், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ரெங்கராசு மாமா கரையிலிருந்து கேட்டார்: "தடம் கிடம் இருக்கா?" அப்பா சொன்னார்: "இருக்கு." இருக்கு. அந்த ஒரு சொல்லையும் அவள் பத்தொன்பது நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பழைய பன்னித் தடமாக இருக்கும். முந்தின நாள் வந்த கூட்டத்தின் தடம். அதுவாகத்தான் இருக்கும்.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஈயத்தில் தோய்த்தாள். பற்றி எரிந்தால் சூடு அதிகம், நிறம் மாறாவிட்டால் சூடு போதாது. குச்சி மெதுவாகப் பழுப்பேறியது, பதம். தேன்மெழுகு ஒரு கிள்ளு போட்டாள், குப்பென்று புகைந்து, கசடெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கியது. கை தானாகவே செய்கிறது. அப்பாவிடமிருந்து வந்த கை. கசடை வழித்து எறிந்ததும் கரண்டிக்குள் ஒரு கண்ணாடி, அதில் வானம், ஒரு கிளை, அவள் மூக்கு. வில்லையை இப்போது போடலாம். போட்டால் உருகிவிடும். நாலு நிமிஷத்தில் மற்ற ஈயத்தோடு ஈயமாகிவிடும், அப்புறம் எது லாரிச் சக்கரத்து ஈயம், எது அவள் தலைக்கு மேலே போன ஈயம் என்று எந்தக் கோடாங்கியாலும் பிரிக்க முடியாது. ஆனால் ஈரம். மரத்துக்குள் இருந்தது. ஈரம் ஒரு பொட்டு இருந்தாலும் ஈயம் சீறிக்கொண்டு முகத்துக்கு வரும், அதனால் மரத்தில் எடுத்ததை அடுப்போரம் காயவைத்துத்தான் போட வேண்டும். ஆகவே காயட்டும். கல்மேல் வைத்தாள். நல்ல சாக்கு. சூடு ஏற ஏற அந்தப் பால் இளகி வாசம் வந்தது. பழ வாசமில்லை, பழம் வெட்டிய கத்தியை நெருப்பில் காட்டினால் வருமே, அந்த வாசம். சொல்லிவிடலாம். சொன்னால், உன் கண்ணுக்கு ஒண்ணுமில்லை, உன் குறி தப்பவில்லை, அங்கே பன்னியே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், கொட்டாங்குச்சி வேண்டாம், ஸ்டேஷன் வேண்டாம், ரெங்கராசு மாமா வாயிலும் மண். ஆனால் சொன்னால், அங்கே இருந்தது யார் என்றும் தெரிந்துவிடுமே. பெற்ற பெண்ணைச் சுட்டேன் என்று தெரிந்துவிடுமே. எது மோசம்? குறி தப்பியவன் என்று நினைத்துக்கொண்டு வாழ்வதா, குறி தப்பியதால்தான் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு வாழ்வதா? செம்பில் தண்ணீர் ஆடுகிற கைக்கு இதையும் கொடுப்பதா? சொல்லாமல் விட்டால் நாளைக்கு அவர் தலைகுனிந்து ரைட்டர் முன்னால் நிற்பார். "என்னய்யா, புள்ளையத் தத்துக் குடுக்க வந்துட்டியா?" என்று ரைட்டர் கேட்பார், அதை அவள் போட்டால் சிரிப்பு வரும், அவரே கேட்டால் வராது. சொன்னால். சொல்லாவிட்டால். சொன்னால். செக்குமாடு கூட ஒரு நேரம் நிற்கும்.

அச்சை எடுத்தாள். குறடு மாதிரி இரண்டு கை, நுனியில் இரண்டு பாதி, மூடினால் நடுவில் ஒரு குண்டு அளவு இருட்டு. விளக்குக் கரி பிடித்த உள்பக்கம் வழவழவென்று இருந்தது. கரண்டியைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஒரே ஓட்டமாக ஊற்றினாள்; ஊற்றி முடிக்கும்வரை மூச்சு விடக்கூடாது, விட்டால் கை ஆடும், குண்டுக்குள் காற்றுப் புகும், அந்தக் குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. ஊற்றி முடித்ததும் நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு. இந்த மூச்சை மட்டும் அவளால் மறைக்க முடிந்ததில்லை, சின்ன வயசில் அப்பா, "பம்புசெட்டு மாதிரி இழுக்குறா பாரு" என்று கேலி செய்வார். அச்சைத் திறந்தாள். சுருக்கம் விழுந்த குண்டு, கிழவி கன்னம். அச்சு சூடேறவில்லை, முதல் குண்டு எப்போதுமே இப்படித்தான், திரும்பக் கரண்டிக்குள் போட்டாள். இரண்டாவது பாதி நிறைந்தது. மூன்றாவது விழும்போதே தெரிந்தது. வெள்ளி மாதிரி, மேலே ஒரு வால். கத்தியால் வாலை நறுக்கி, தாம்பாளத்தைச் சற்றே சாய்த்து, உருட்டிவிட்டாள். உள்ளே காற்று இருந்தால் குண்டு குடிகாரன் நடப்பதுபோல் கோணிப் போகும். இது நேராகப் போய் விளிம்பில் டிங் என்று நின்றது. நல்ல குண்டு. லாரிச் சக்கரத்து ஈயம் மட்டும். வில்லை இன்னும் கல்மேலேயே இருந்தது, ஈரமெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது, இனி சாக்கு இல்லை, கரண்டியில் ஈயம் இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறது. எடுத்தாள். கரண்டிக்கு மேலே பிடித்தாள். கீழே கண்ணாடியில் ஒரு கையும் ஒரு வில்லையும் தெரிந்தன. விரலை விரிக்க வேண்டும், அவ்வளவுதான், ஈயம் கீழே விழுந்தாக வேண்டும், ஆனால் பலாப்பால் இளகியிருந்தது, வில்லை விரலை விடவில்லை. விரல் வில்லையை விடவில்லை. அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. கரண்டியை இறக்கி வைத்து, எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

இருபதடி. பத்தரை மணி பஸ் எப்போது வந்து எப்போது போனது என்று தெரியவில்லை, வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நேரா உருண்டுச்சா?" என்றார். தலையாட்டினாள். உள்ளங்கையை நீட்டினார். வலது கையில் புதுக் குண்டு, இன்னும் இளஞ்சூடு. இடது கையில் வில்லை. இடது கைதான் முன்னால் போனது. அவர் உள்ளங்கையில் வில்லை உட்கார்ந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். எந்தக் குரலில் சொல்வது? கண்டக்டர், ரைட்டர், பெரிய டீச்சர், ரெங்கராசு மாமா, எல்லாரும் தொண்டை வாசலில் வந்து நின்றார்கள், ஒருத்தர் வாயிலும் இந்தச் சேதி இல்லை. சொந்தக் குரலைத் தேடினாள், பத்தொன்பது நாளாக எங்கே வைத்தாளோ. கடைசியில், அவள் கூப்பிடாமலே, வேறு ஒன்று வந்தது. இரண்டு குட்டை உறுமல். மூக்கால் ஒரு நீள இழுப்பு. கொய்யா மரத்தில் அணில் அப்படியே நின்றது. முடித்ததும், அடக்க முடியாமல், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

அப்பா வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு இதைவிடத் தாழ்த்திப் போட்ட" என்றார்.

"தெரியுமா?" சொந்தக் குரல். துருப்பிடித்திருந்தது.

"விசையில விரல் பாதி அழுந்தினப்புறம் தெரிஞ்சுது. உறுமி முடிச்சுட்டு மூச்சு இழுத்த பாரு, இப்ப இழுத்தியே, அதே. குண்டு ஊத்தி முடிச்சா இழுப்பியே. பன்னி எங்க அப்படி இழுக்கும்? விரலை நிறுத்த முடியல புள்ள. குழாயத்தான் தூக்க முடிஞ்சுது." வில்லையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "காலையில தடம் பார்த்தேன். அஞ்சு விரல் பன்னி."

அவள் அவர் முன்னால் குந்தினாள். அன்றைக்குக் குந்திய மாதிரியே. "ஏன்ப்பா ஒண்ணும் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். அப்புறம் நாள் போகப் போக, சொல்லிடுவியோன்னு பயமாப் போச்சு. சொல்லிட்டா நெசமாயிடுமே." துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்து மரத்தில் சாய்த்தார். "இதைத் தூக்கிப் போடவும் மனசு வரல. வச்சுக்கவும் முடியல. உருக்கிடுவேன்னுதான் டப்பாவுல மேலாப்புல வச்சேன்."

"உருகமாட்டேன்னுடுச்சு" என்றாள். அப்புறம் வேலியைப் பார்த்தாள். கொட்டாங்குச்சி கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. "அப்ப அது எதுக்கு? கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"உங்கம்மாவுக்கு. அதை நான் வேணும்னே தப்பவிட்டா அவ கேள்வி கேக்கமாட்டா. சத்தத்த நம்பிச் சுட்டவன் கையில இது இருக்கக்கூடாது சிலம்பு. நாளைக்குக் குடுத்துடுவோம். நீயும் வா." கந்தலைக் கம்பியிலிருந்து உருவினார். "அந்த ரைட்டர் எதிர்ல மட்டும் ரைட்டர் மாதிரி பேசித் தொலைச்சிடாத."

"ரெங்கராசு மாமா சிரிப்பாரே."

"சிரிக்கட்டும். மரமேறுற பன்னி இருந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது?"

"நெசப் பன்னி வந்தா?"

"நீ இருக்கியே. சிறுத்தை மாதிரி போட்டு ஓட்டு."

"சிறுத்தைய நான் கிட்டத்துல கேட்டதில்லையே."

"கேட்டிருந்தா இங்க உக்காந்து பேசிட்டிருக்க மாட்ட."

அவள் சிரித்துவிட்டாள். எங்கோ ஊறாமல் கிடந்த அரிசி ஒன்று இறங்கினமாதிரி இருந்தது. அடுப்பில் கரண்டி ஈயம் மெல்ல ஏடு கட்டிக்கொண்டிருந்தது, வானமும் கிளையும் மூடிக்கொண்டு வந்தன. அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்: "ஏங்க! சோறு வச்சு எவ்வளவு நேரமாச்சு? வரீங்களா, இல்ல அந்த ஈயத்தையே கரைச்சுக் குடிச்சுட்டுப் படுக்கப்போறீங்களா?" அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. முகத்தைக் கொய்யா மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் அவளைக் காட்டி, அப்புறம் தன் நெஞ்சைக் காட்டினார். நீ சொல்லு. என் மாதிரி சொல்லு.

சிலம்பாயி தொண்டையைச் செருமினாள். அவர் செருமுவதுபோல், இரண்டு தடவை.

"வரேன் வரேன், பாப்பாயி! ஏன் இப்படிக் கத்துற? கீழ துறையூர் வரைக்கும் கேக்குது!"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அம்மா வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள், கையெல்லாம் குழம்பு, முகமெல்லாம் பல்.

"ஏங்க! கேட்டீங்களா? கயிறு வேலை செஞ்சிடுச்சுங்க!"